சோறு சாப்பிடாத விதைநெல் வியாபாரி

என் கணவர் குடவாசல் கடைத்தெருவில் விதைநெல் கடை வைத்திருக்கிறார். எந்த ரகம் மழைக்குச் சாயாது, எது பழையதுக்கு நன்றாக இருக்கும், எந்த அரிசியை வடித்தால் உதிரி உதிரியாக நிற்கும் என்று காலை முதல் மாலை வரை பேசுவதுதான் அவர் தொழில். சுற்றுவட்டாரத்தில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. அப்படிப்பட்டவருக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியதும் சர்க்கரை வந்தது.

தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த மருத்துவர் நல்ல மனிதர். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் தட்டு வரைந்து, பாதிக்குக் காய்கறி, கால் பங்குக்கு முட்டையோ மீனோ, மிச்சமிருக்கும் கால் பங்குக்குச் சோறு என்று கோடு போட்டுக் காட்டினார். என் கணவர் அந்தக் கால் பங்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பேருந்தில், இவ்வளவுதான் சாப்பிட வேண்டுமென்றால் சாப்பிடாமலே இருந்துவிடலாம் என்றார். கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். குடவாசலில் இறங்குவதற்குள் அவர் போனில் ஒரு பேலியோ குழுவில் சேர்ந்துவிட்டிருந்தார்.

ஆதிமனிதன் அரிசி சாப்பிடவில்லை என்பதுதான் அந்தக் குழுவின் அடிப்படைச் செய்தி. அவன் கோதுமையும் சாப்பிடவில்லை, பருப்பும் சாப்பிடவில்லை. கறி, மீன், முட்டை, தேங்காய், பாதாம், நெய், பச்சைக் காய்கறி இவற்றோடு சந்தோஷமாக வாழ்ந்தான். காலை ஒன்பது மணிக்குள் அவன் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததா, அவனுக்கான பாதாம்பருப்பை முந்தின நாளே யார் ஊறவைத்து நெய்யில் வறுத்துக் கொடுத்தார்கள் என்பது பற்றிக் குழுவில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எங்கள் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மூன்று பேரும் மூன்று நேரத்துக்குக் கிளம்புகிற வீட்டில், மூன்று பேருக்கும் சாப்பாடு கட்டுகிறவள் நான் ஒருத்திதான்.

'வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பதினைந்தே நிமிடத்தில் பேலியோ' என்று ஒரு வீடியோவை எனக்கு அனுப்பினார். அதில் வருகிற பெண்ணின் சமையலறையில் வெங்காயம் உரித்திருந்தது, பூண்டு உரித்திருந்தது, காலிபிளவர் புழு நீக்கிக் கழுவித் துடைத்திருந்தது. அதற்குப் பிறகு பதினைந்து நிமிடம்தான். முதல் நாள் காலிபிளவர் சாதம் செய்தேன். மிக்ஸியில் ஒரு சுற்று மட்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் மிக்ஸிக்கு ஒரு சுற்று என்றால் என்னவென்று தெரியாது; சட்னியாக அரைத்துக் கொடுத்தது. அதை வாணலியில் வதக்கி, நீரை வற்றவிட்டு, தட்டில் குவித்து, மேலே குழம்பு ஊற்றி வைத்தேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பழகிவிடும் என்றார். மகள் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, இதைக் காலிபிளவர் என்று மட்டும் சொன்னால் போதும், சாதம் என்று சொல்ல வேண்டாம் என்றாள்.

அவள் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. சோற்றைப் போல இன்னொன்றைச் செய்யப் பார்ப்பதில்தான் நேரமெல்லாம் போகிறது. நான் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனார், இப்போது அண்ணன் போகிறார். சோற்றோடு வைக்கிற மற்றதெல்லாம் எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும். அதையே கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிட்டுச் சோற்றை விட்டுவிட்டால் அதுதான் பேலியோ. எனக்கு இது புரிந்த பிறகு வேலை பாதியாகக் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீனைச் சுத்தம் செய்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, ஒரு நாளைக்கு ஒரு டப்பாவாக ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். காலையில் ஒரு டப்பா வாணலிக்குப் போகும். முருங்கைக்கீரையை முதல் நாள் மாலையே மகள் உருவி வைத்துவிடுவாள். அதில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் கடைக்கான கேரியரில் ஒரு அடுக்கு நிறைந்தது. அண்ணன் குட்டிச் சுறா கொடுத்தனுப்பினால் அவித்துத் தோலை நீக்கி உதிர்த்து, வெங்காயம் பூண்டு பச்சைமிளகாயோடு வதக்கிச் சுறாப்புட்டு. பார்க்கப் புட்டு மாதிரியே இருக்கும், ஒரு மணி அரிசி கிடையாது. கூடவே தேங்காய் போட்ட புடலங்காய்ப் பொரியல். எனக்கும் மகளுக்கும் சின்னக் குக்கரில் ஒரு ஆழாக்கு அரிசி. ஒரே சமையல், இரண்டு விதமான சாப்பாடு.

என் அண்ணனுக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை. எங்கள் ஊரில் மீனுக்குக் குறைவில்லை; மரியாதை எல்லாம் சோற்றுக்குத்தான். நெல் விளைகிற ஊருக்கு வாக்கப்பட்டுப் போகிறாள், இனி என்ன குறை என்று என் கல்யாணத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டு மாப்பிள்ளை சோறு சாப்பிடுவதில்லை என்று கேட்டதும், மீன் பெட்டியைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அண்ணன் போனில் கேட்டார்: "நெல்லு விக்கிறவரு சோறு திங்கமாட்டாரா? நான் மீனு பிடிக்கிறேன், மீனு திங்காமலா இருக்கேன்?"

அதுதான் என் கணவரின் பயமும். வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. மதியம் கேரியரை எடுத்துக்கொண்டு உரமூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். யாராவது உள்ளே வந்தால் மூடியைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, வாயில் சுறாப்புட்டு மணக்க மணக்க, இந்த ரகத்துச் சோறு மறுநாள் வரைக்கும் கெடாது என்று விளக்குவார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் ஒரு வருஷத்துக்கு முந்தைய ஞாபகம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் அவருக்குப் பல வருஷப் பழக்கம். அறுபதை நெருங்குகிற வயது. பேச்சு குறைவு. அந்த வருஷம் சம்பாவுக்கு என் கணவர் சொல்லைக் கேட்டு, முதல் தடவையாக ஒரு வயலில் தூயமல்லி என்ற பழைய நெல் ரகம் விட்டிருந்தார். மழையில் பக்கத்து வயலெல்லாம் படுத்தபோது இவருடையது எப்படியோ நின்றுவிட்டது. பங்குனியில் ஒருநாள் கடைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை டீச்சரையும் அழைத்துக்கொண்டு சாப்பிட வர வேண்டும், அந்த அரிசியை ஆக்கிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

என் கணவர் அந்த வாரம் முழுவதும் காரணம் தேடினார். பல்வலி என்றால் குழைய வடித்துப் போடுவார்கள். வயிறு சரியில்லை என்றால் ரசம் சாதம் வரும். போகாமலே இருந்துவிட்டால் விதை கொடுத்தவனே அரிசியைச் சாப்பிட வரவில்லை என்று ஊர் பேசும். கடைசியில் நான்கு வாய் சாப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தார். மாத்திரை போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்ற மகளை வீட்டில் விட்டுவிட்டு, வண்டியில் கிளம்பினோம்.

கூடத்தில் இரண்டே இலை போட்டிருந்தார்கள், எங்கள் இருவருக்கும். விவசாயியின் மனைவி நாட்டுக்கோழிக் குழம்பு, அவித்த முட்டை, அவரைக்காய்ப் பொரியல் எல்லாம் வைத்துவிட்டு, நடுவில் சோற்றைப் போட்டார். ஆவி பறந்தது. நீளமும் இல்லை, குட்டையும் இல்லை, ஒன்றோடொன்று ஒட்டாத வெள்ளைச் சோறு. வீட்டுக்காரர் உட்காரவில்லை. ஒரு நாற்காலியை எங்களுக்கு எதிரே இழுத்துப் போட்டு, முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு என் கணவரின் வாயைப் பார்த்தபடி இருந்தார்.

என் கணவர் கோழியைச் சாப்பிட்டார். முட்டையைச் சாப்பிட்டார். அவரைக்காய் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். சோற்றில் ஒரு குழி செய்து, குழம்பை விட்டு, அந்தக் குழியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தார். நான்கு வாய் என்று வந்தவருக்கு ஒரு வாய்கூட எடுக்க முடியவில்லை. பயமா, வீராப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"என்ன தம்பி, அரிசி சரியில்லையா?" என்றார் அவர்.

"அதெல்லாம் இல்லண்ணே. அரிசி பிரமாதம்."

"இன்னும் வாயில வைக்கலியே."

என் கணவர் என்னைப் பார்த்தார். இதற்கு மேல் இழுத்தால் அந்த மனிதர் தன் அரிசியைத்தான் சந்தேகப்படுவார் என்று எனக்குத் தோன்றியது. "அவருக்குச் சர்க்கரைங்க" என்றேன். "ஒரு வருஷமா சோறு சாப்பிடுறதில்ல. உங்ககிட்ட சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டுதான் வந்தாரு."

வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கரண்டியைச் சோற்றுப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் எழப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அதுதான் தம்பி" என்றார் அவர். "நான் சோத்தை விட்டு மூணு வருஷம் ஆவுது. இவளுக்கும் போன வருஷம் வந்துடுச்சு. பையன் துபாய்ல இருக்கான். விளைஞ்சது எப்படியிருக்குன்னு சொல்ல வீட்டுல ஆளு இல்ல. அதான் உங்கள வரச் சொன்னேன்."

விதை விற்றவர் சாப்பிடுவதில்லை, விளைவித்தவர் சாப்பிடுவதில்லை, ஆக்கியவர் ருசிகூடப் பார்க்கவில்லை. மூன்று பேரும் என் இலையைப் பார்த்தார்கள். பெயருக்கு இரண்டு வாய் வைத்திருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் வெறும் சோற்றை எடுத்து மென்று பார்த்தேன். பிறகு குழம்போடு. பிறகு ரசம். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். புது அரிசிதானே, குழைகிறதா? வாசனை இருக்கிறதா? விழுங்கும்போது கடைசியில் லேசாக ஒரு இனிப்பு வருகிறதா? என் கணவரும் சேர்ந்துகொண்டு, ரசத்துக்கு நிற்கிறதா, கரைந்து போகிறதா என்றார். அவரவர்க்குத் தெரிய வேண்டியது அவரவர்க்கு இருந்தது. பல வருஷமாக நெல்லைப் பற்றியே பேசுகிற வீட்டில் இருக்கிறேன். ஒரு அரிசி எப்படி இருக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. இருக்கிறது, வாசனை இருக்கிறது, நீங்கள் சொல்கிற இனிப்பும் வருகிறது என்றேன். பொய் இல்லை. உண்மையிலேயே நல்ல அரிசி. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன், மூன்றாவதாகத் தயிருக்கும் வாங்கிக்கொண்டேன். இரண்டு ஆண்களும் நான் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தது சிரிப்பாக இருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டுக் கணவன் மனைவி இருவருக்கும் சமையலறையிலிருந்து கோதுமை ரவை உப்புமா வந்தது. அதைக் கண்டதும் என் கணவருக்கு உயிர் வந்துவிட்டது. கோதுமையும் கூடாது என்று ஆரம்பித்து, ஆதிமனிதனை முழுசாகச் சொல்லி முடித்தார். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் வாய்க்கால் தண்ணீருக்கு அடிதடி உண்டா என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மாள் என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். "உப்புமா கிண்டிக் கிண்டிக் கையே விட்டுப்போச்சு டீச்சர். நீங்க உங்க வீட்டுக்காரருக்கு என்னதான் செஞ்சு போடுறீங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களையும், முருங்கைக்கீரை முட்டையையும், சுறாப்புட்டையும் சொன்னேன். கடல்மீன் அவருக்குப் பழக்கமில்லை. வாடை பிடிக்காது என்றார். விரால் இருந்தால் விராலையே அவித்து உதிர்க்கலாம் என்றேன். அவர் நம்பவில்லை. மறுவாரம் போன் செய்து, முள் எடுப்பதற்குள் விடிந்துவிட்டது, ஆனால் இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார் என்றார்.

என் கணவரின் சர்க்கரை இறங்கியிருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவர் சந்தோஷப்பட்டு ஒரு மாத்திரையைக் குறைத்தார். இனிக் கொஞ்சம் சோறு சாப்பிடலாம், அந்தக் கால் தட்டு என்று அவர் மறுபடி சொன்னபோது என் கணவருக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்த பிறகு சலுகை காட்டினால் யாருக்குத்தான் வராது?

அந்தச் சாப்பாட்டுச் செய்தி ஆற்றைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. வியாபாரம் படுத்துவிடும் என்று அவர் பயந்தார். நடந்தது வேறு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு வீட்டில் யாருக்காவது சர்க்கரை. விதை வாங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, பாதாமை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று கேட்கிறார்கள். அவரும் இப்போது உரமூட்டைகளுக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

என் பாடுதான் கூடிவிட்டது. அறுவடை முடிந்ததும், டீச்சர் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும் என்று ஆளுக்கொரு மஞ்சள் பையில் அரிசியைக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் மீன் டப்பா, இன்னொரு பக்கம் இரண்டு மூன்று சின்னப் பாத்திரத்தில் இரண்டு மூன்று சோறு. போன வாரம் வந்த ஒரு பையோடு, வடித்துத்தான் பார்க்க வேண்டும், குக்கர் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வடித்துத்தான் பார்த்தேன். சுமார்தான். அதை அந்த ஆளிடம் எப்படிச் சொல்வது என்று என் கணவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.