மோகனா தன் வீட்டுக்கு எடுத்த ஆள்

ஆள் கேட்டு அழைக்கிற வீட்டுக்குள் நுழைந்ததும் மோகனா முதலில் நோயாளியைப் பார்ப்பதில்லை. குளியலறைக்குப் போகும் வழியைப் பார்ப்பாள். பிறகு அந்த வீட்டில் யாருடைய குரல் ஓங்கி ஒலிக்கிறது என்று கவனிப்பாள். அந்தக் குரலோடு ஒத்துப்போகிறவரைத்தான் அங்கே வேலைக்கு அனுப்புவாள். கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் அவளுடைய ஏஜென்சி இருக்கிறது. டயாலிசிஸ் நிலையங்களுக்குத் தாதியர், படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பராமரிப்பாளர் என்று தூரத்து ஊரான ராசா வரைக்கும் ஆள் அனுப்புகிறாள்.

யாரையும் ஒரே வீட்டில் மூன்று மாதத்துக்கு மேல் விடமாட்டாள். விட்டால் உறவாகிவிடுவார்கள். பிறகு வீட்டுக்காரர்கள் ஏஜென்சியைக் கழற்றிவிட்டு நேராகச் சம்பளம் பேசிக்கொள்வார்கள்.

போன வருடம் அவளுடைய கணவர் திருச்செல்வத்துக்கு ஸ்ட்ரோக் வந்தது. பக்கத்து ஈஜோக்கில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவருக்கு ஆள் எடுத்தபோதும் மோகனா தன் முறையை மாற்றவில்லை. பட்டியலில் இருந்தவர்களிலேயே நிதானமானவரான சேதுவைத் தேர்ந்தெடுத்தாள். நாற்பது தாண்டியவர், ஆஸ்பத்திரி வார்டில் பல வருடம் உதவியாளராக இருந்தவர்.

ஒரு மதியம் சீக்கிரமாக வீடு திரும்பியபோது ஜன்னல் வழியே சிரிப்புச் சத்தம் வந்தது. திருச்செல்வம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உடைந்த சொற்கள்தான், ஆனாலும் கதை போலத் தொடர்ந்து வந்தன. மோகனா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது.

"என்னங்க, என்ன சிரிப்பு?"

"லோ…"

"லோரியா? பழைய லோரி கதையா? சரி சரி, தண்ணி குடிச்சீங்களா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாமே அவள் கண்ணில் பட்டது. கணவரின் மீசையைச் சேது அழகாக வெட்டிவிட்டிருந்தார். பசியாற உட்கார்ந்தால் கணவரின் கண் சேதுவையே தேடியது. அலுவலகத்தில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, உடன் வேலை செய்யும் விமலா சிரித்துவிட்டாள்.

"சக்களத்தி வந்த மாதிரி பேசுறீங்கக்கா. அவரு ஆம்பளலா."

"உனக்கு விளையாட்டா இருக்கு."

ராசாவிலிருந்து ஆள் கேட்டு போன் வந்ததும் மோகனா சேதுவின் பெயரைக் கொடுத்தாள்.

"நம்ம வீட்டுக்குமா இந்த ரூலு?" என்றாள் விமலா.

"மூணு மாசம் ஆச்சு. ரூல்னா ரூல்தான்."

சேதுவுக்குப் பதிலாகப் புனிதன் வந்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் திருச்செல்வம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கரண்டியை நீட்டினால் தள்ளிவிட்டார். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனபோது அங்கிருந்த பெண், "பின்னுக்குப் போயிட்டாரு. இப்படியே விட்டா பேச்சு வராமலே போயிடலாம். வீட்டுல என்ன மாத்துனீங்க?" என்று கேட்டாள்.

வெளியே வந்ததும் மோகனா ராசா வீட்டுக்கு போன் செய்து சேதுவைத் திருப்பிக் கேட்டாள். அந்த வீட்டுக் கலாவதி முழுதாகக் கேட்கவே இல்லை.

"அத மட்டும் கேக்காதீங்க மேடம். எங்கப்பா அவரு ஊட்டுனாதான் சாப்பிடுறாரு."

எத்தனையோ வீடுகளில் கேட்ட பேச்சு. அதற்கு அவளிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். இன்று அதைச் சொல்லாமல் போனைச் சேதுவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அண்ணன் பேசுறாரா?" என்றார் சேது.

"இல்ல. உங்ககிட்ட மட்டும் எப்படிப் பேசுனாரு?"

"நான் ஒண்ணும் செய்யலக்கா. அவரு முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தேன். நீங்க கேள்வியும் கேட்டு, பதிலையும் நீங்களே சொல்லிடுறீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அதைத் தன்னிடம் சொல்ல இவர் யார் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் அருகில் உட்கார்ந்தாள். "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"சே…"

மீதி என்னவென்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"சே…து."

இத்தனை நாளில் அவளிடம் அவர் முழுதாகச் சொன்ன முதல் சொல். அதுவும் இன்னொருவர் பெயர்.

"ராசாவுல இருக்காரு. நாந்தான் அனுப்புனேன்."

"ஏ…ன்?"

வேறு யாராவது கேட்டிருந்தால் ரூலைச் சொல்லியிருப்பாள்.

"நீங்க அவருகிட்ட மட்டும் பேசுனீங்க. எனக்குப் பொறுக்கல."

திருச்செல்வம் அவளையே பார்த்தார். இடது பக்க உதடு மெல்ல ஏறியது.

"பை…பைத்…தியம்."

தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும் அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு ராசாவுக்கு மறுபடியும் போன் போட்டு அவர் காதில் வைத்தாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். பாதிக்கு மேல் மௌனம்தான். எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாம் என்று தோன்றியது, போகவில்லை.

கடைசியில் போனை வாங்கியபோது சேது சொன்னார்: "ஞாயித்துக்கிழம எனக்கு லீவுதானேக்கா. அண்ணனப் பாக்க வரேன்."

லீவு நாளில் வருகிறவருக்கு அவள் சம்பளம் போட முடியாது. மாற்றியும் அனுப்ப முடியாது.

"வாங்க," என்றாள் மோகனா. "சாப்பிட்டுட்டுப் போற மாதிரி வாங்க."