அகன்ற குழல்

மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். நான் சட்டென்று தரையில் குந்திவிட்டேன்.

எட்டு வயதில் ஏரியோரம் நைனாவோடு பதுங்கியிருந்தேன். அவர் கையில் இரவல் வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கி.

"வாய் குறுகின குழல்ல சுட்டா ரவை ஒண்ணாப் போவும். அகலமானதுல சுட்டா சிதறும், நாலு வாத்தாவது விழும். வாயத் தொறந்த, தோல உரிச்சுடுவேன்."

வாத்துகளுக்கு அப்பால், கோரைக்குப் பின்னால் அம்மா இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் போனதை நைனா பார்க்கவில்லை. நான் பார்த்திருந்தேன். பயத்தில் நாக்கு எழவில்லை.

அகன்ற குழலில் சுட்டார். கோரைக்குள் அம்மா அலறினாள்.

பிழைத்துக்கொண்டாள். ஒரு கண் மட்டும் போயிற்று.

"அவருக்கு இன்னா தெரியும், பாவம்" என்பாள் இப்போதும்.

எனக்குத் தெரிந்திருந்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.