ஒன்பதாம் மாதத்தில் ஒன்றரை மணி நேரம்

ஹைதராபாத் விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் என் வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று கேட்டபோது அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நைன் மன்த். ஃபர்ஸ்ட் பேபி. நேத்துதான் வளைகாப்பு" என்று ஆங்கிலத்தையும் தமிழையும் கலந்து கொட்டினார். என் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள். அந்தப் பெண்ணின் சிரிப்பு மறைந்தது. ஒன்பதாம் மாதக் கடைசியில் யாரையும் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

என்னை ஹைதராபாத்தில் கட்டிக்கொடுத்ததே அந்த விமானத்தை நம்பித்தான். சொந்தக்காரர்கள் தூரம் தூரம் என்று முணுமுணுத்தபோது, "இன்னா தூரம்? புதுச்சேரியிலேர்ந்து ஒன்றரை மணி நேரம். தேங்காய்த்திட்டு ஆர்பர்ல மீன் ஏலத்த முடிச்சிட்டுக் கெளம்புனா மத்தியானச் சோத்துக்கு அங்க இருப்பேன்" என்று எல்லோர் வாயையும் அடைத்தார். அப்பா மீன் வியாபாரி. ஓரிடத்தில் கால் தரிக்காத மனிதர். வளைகாப்பை ஏழாம் மாதமே வைக்கலாம் என்று மாமியார் சொன்னதற்கு, எங்கள் வழக்கம் ஒன்பதுதான் என்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவரே. வீராம்பட்டினத்துப் பெண்ணைப் பக்கத்து ஊரான உப்பளத்தில் கொடுத்த காலத்து வழக்கம் அது. விமானத்துக்கு அது ஒத்துவருமா என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ரயிலும் காரும் கூடவே கூடாது என்று டாக்டர் போனிலேயே மறுத்துவிட்டார். வழியனுப்ப வந்திருந்த என் கணவர், வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்றார். அப்பா கேட்கவில்லை. வளையல் போட்டுக்கொண்டு புறப்பட்டவள் பிள்ளை பெறாமல் புகுந்த வீட்டுப் படி ஏறக் கூடாதாம். அம்மா அழத் தொடங்கினாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அங்கேயும் போக முடியாது, இங்கேயும் திரும்ப முடியாது. பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, என் தலைப்பிரசவம் எந்த வீட்டில் என்று தெரியாமல் தவித்தேன். அப்பா குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு என் கணவரை இழுத்துக்கொண்டு வெளியே போனவர் சாயங்காலம்தான் வந்தார்.

"எழுந்திரு. ஒங்கம்மா இருக்கற எடந்தான் தாய்வூடு" என்றார்.

புகுந்த வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். பாத்திரங்கள்கூட மாமியார் கொடுத்தவைதான். அங்கே அம்மா எனக்குப் பத்தியம் சமைத்தாள். விடிந்தால் அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காத மீனுக்கு விலை கேட்டுக் கத்துவார். ஊருக்குப் போகத் துடித்தார், ஆனாலும் போகவில்லை. மகள் பிறந்தாள்.

மூன்றாம் மாதம் சீர்த்தட்டுகளோடு என்னைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்டார். இரண்டு தெருதான். கடல் தாண்டி அனுப்புகிறவரைப் போல வாசலில் நின்று அழுதார். பிறகு என் கையில் ஒரு சாவியை வைத்து அழுத்தினார்.

"வூட்டக் காலி பண்ணல. இன்னும் ஒரு மாச வாடகை குடுத்துட்டேன். கோச்சிக்கினு கெளம்புனா போறதுக்கு ஒனக்கு ஒரு எடம் வேணும்ல?"

அந்த மாதம் யாரோடும் சண்டை வரவில்லை. ஆனாலும் தினமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் காலி வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இப்போது அப்பா இல்லை. அந்த விமானமும் சில மாதம் பறக்கிறது, சில மாதம் நின்றுவிடுகிறது. மனம் நிலைகொள்ளாத நாட்களில் அந்தத் தெருப் பக்கம் நடக்கிறேன். நேற்று அந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, யார் வேண்டும் என்று தெலுங்கில் கேட்டாள். இது எங்கள் அம்மா வீடு என்று சொல்லிவிட்டேன்.