ஜெபராஜ் செய்யாத தவறு

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதைப் படித்துச் சிரித்தீர்கள்தானே? நிறையப் பேர் சிரித்தீர்கள். போன் செய்தும் சொன்னீர்கள். "சரியாக் குடுத்தீங்க மேடம்" என்று ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் நிறுத்தி வைத்துப் பாராட்டினார். எனக்கும் மனசு குளிர்ந்துதான் இருந்தது.

இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை.

அன்று படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக... இந்தப் பத்திகளையும், அவற்றுக்கு நீங்கள் எழுதும் கடிதங்களையும் சேர்த்து வைக்க எனக்கு ஒரு வெப்சைட் உண்டு. எட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெபராஜ். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். மடவார் வளாகம் பக்கம் மாடியில் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர். ஒரு பால்கோவா கடை, ஒரு பள்ளிக்கூடம், என்னைப் போல இன்னும் சிலர் – எங்கள் வெப்சைட்டுகளை எல்லாம் வாடகை சர்வரில் வைத்து நடத்துவது அவர் தொழில்.

பழைய சர்வர் அடிக்கடி மக்கர் செய்தது. புதிய சர்வருக்கு மாற்றுகிறேன் என்றார். மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்து பார்க்கிறேன் – ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலைப்பு, கட்டுரை, உங்கள் கடிதங்கள்... எல்லாமே வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. டேட்டாபேஸ் கெட்டுப்போச்சு என்றார் ஜெபராஜ்.

"எப்ப சரியாகும்?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா. செத்தப் பொறுங்க."

நான் பொறுத்தது நான்கு நாள். அந்த நான்கு நாளில் எத்தனை போன் போட்டேன் என்று எனக்கே தெரியாது. கடைசி போனில், "ஒரு பேக்கப்கூட ஒழுங்கா எடுக்கத் தெரியாம எதுக்குப்பா இந்தத் தொழிலு?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் பதில் இல்லை. குற்றம் செய்தவர்தானே பேசாமல் இருப்பார்? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அதே சூட்டில் உட்கார்ந்து எழுதியதுதான் நீங்கள் சிரித்த கட்டுரை. ஜெபராஜ் பெயரைப் போடவில்லை. 'மடவார் வளாகத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்து உலகத்தையே கட்டி மேய்க்கிறவர்' என்று எழுதினேன். பெயர் போடாததைப் பெரிய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அப்புறம் வெப்சைட்டைச் சென்னையில் ஒரு கம்பெனிக்கு மாற்றினேன். ஜெபராஜ் தன்னிடம் இருந்த அத்தனையையும் மறுபேச்சில்லாமல் அவர்களுக்கு அனுப்பி வைத்தார். போன வியாழக்கிழமை அந்தக் கம்பெனி டெக்னீஷியன் போன் செய்தார்.

"மேடம், சர்வர் மாத்திட்டு இருக்கும்போதே, சனிக்கிழமை மதியம் உங்க லாகின்ல யாரோ உள்ள போயிருக்காங்க. டேட்டாபேஸ் அப்டேட் கொடுத்திருக்காங்க. அதுலதான் எழுத்து எல்லாம் போயிருக்கு."

யாரோ...

அந்த லாகின் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் அடுப்பில் குக்கர். விசில் வருவதற்குள் செட்டியார்பட்டி வாசகர் ஒருவரின் கடிதத்தை ஏற்றிவிடலாம் என்று உள்ளே போனேன். திரை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. கீழே நீலமாக ஒரு பட்டன். அழுத்தினேன். நாம் எதைத்தான் படித்துவிட்டு அழுத்துகிறோம்?

ஜெபராஜ் முதலிலேயே சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கிழம வரைக்கும் உள்ள போயி எதையும் தொடாதீகக்கா." நானும் சரி சரி என்றிருந்தேன்.

டெக்னீஷியன் சொன்ன மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். ஜெபராஜ் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி எஸ்தர். எப்போதும் வாங்கக்கா என்பவர், அன்று நகர்ந்து வழிவிட்டதோடு சரி.

நின்றுகொண்டே சொன்னேன். "ஜெபராஜ், அந்தப் பட்டனை அமுக்குனது நான்தான்."

"தெரியும்க்கா" என்றார். "யாரு எப்ப உள்ள போனாகன்னு சர்வர் குறிச்சு வைக்கும்லா, அந்த லாக்ல ரெண்டாம் நாளே பாத்துட்டேன்."

"பொறவு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தெரியாமச் செஞ்சிருக்கீக. சரி பண்ணிட்டு மெதுவாச் சொல்லுவோம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க எழுதிட்டீக. அதுக்கு மேல நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்லுதான்னுதானே நினைப்பீக?" பிறகு அவரே சொன்னார். "எம்பேர்லயும் தப்பு இருக்குக்கா. பேக்கப் எடுத்தேன். முழுசா வந்திருக்கான்னு திறந்து பாக்கல. பாதியில நின்னிருக்கு."

தன் பங்குத் தப்பைச் சொல்ல அவருக்கு எந்தப் பத்திரிகையும் பக்கம் ஒதுக்கித் தரவில்லை. ஆனாலும் சொன்னார்.

எஸ்தர் உள்ளே இருந்து பேசினார். "அந்தப் பள்ளிக்கூடத்துல நீங்க எழுதுனதப் போட்டோ எடுத்து அனுப்பி, இது நீங்கதானே சார்னு கேட்டாகக்கா. பொறவு சைட்ட வேற ஆளுக்கு மாத்திட்டாக. அதுக்கப்புறம் இவிய நாலு நாளு சரியாச் சாப்பிடல."

"விடு எஸ்தர்" என்றார் ஜெபராஜ்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அப்போதே போய்ச் சொல்லியும் விட்டேன். வேறு ஆளிடம் கொடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று தலைமை ஆசிரியை மரியாதையாகச் சொன்னார். திரும்பி வந்து, என் வெப்சைட்டையாவது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜெபராஜிடம் கேட்டேன்.

"வேணாம்க்கா." குரலில் கோபமே இல்லை. "இனிமே உங்க சைட்டத் தொட்டா, எப்ப என்ன எழுதுவீகளோன்னுதான் எனக்கு இருக்கும்."

கம்பெனிக்கு அனுப்பும்போது ஞாபகம் வராமல் போன பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். போன தீபாவளி வரைக்குமான உங்கள் கடிதங்கள் அதில் பத்திரமாக இருந்தன. அதற்குப் பிறகு வந்தவை போனவைதான். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. டீ கொடுத்தார்கள். குடித்தேன். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

கோபம் எல்லோருக்கும்தான் வருகிறது. என் கோபத்துக்கு மட்டும் வாரா வாரம் ஒரு பக்கம் இருக்கிறது. எதிரே நிற்பவருக்குத் திருப்பிச் சொல்ல ஒரு வரிகூடக் கிடையாது. இத்தனை வருடம் எழுதியும் இது எனக்கு உறைக்கவில்லையே...

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இன்று பெயரைப் போட்டிருக்கிறேன்.

ஒரு உதவி செய்யுங்கள். அந்தக் கட்டுரையை நீங்கள் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள். சிரிப்பு வராதுதான் – ஆனாலும் அனுப்புங்கள்.