சங்குக்கு முந்திய கோல்

“...விசிலை ஆர் கேட்டது? தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எங்கட மட்ச் முடிஞ்சுது!” என்று மைக்கோலா தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னதும் என் கையிலிருந்த தேநீர் சிந்திவிட்டது.

2009இல் பார்க்கிங் என்ற ஆங்கிலேய ஊரில் ஒரு பேக்கரியில் இருவரும் வேலை செய்தோம். அவன் உக்ரைன்காரன். அவனுடைய ஊர் டிராக்டர் தொழிற்சாலையும் அது நடத்திய கால்பந்துக் கழகமும் இப்போது இல்லை.

“எங்கட ஊரிலயும் அதேதானடா!” என்று துள்ளினேன்.

எங்கள் சீமெந்துத் தொழிற்சாலை அணியில் பாதிப்பேர் மாலை ஷிப்ட். சங்கு ஊதினால் பந்தை விட்டுவிட்டு உள்ளே ஓடவேண்டும். ஊதுகிறவர் என் அப்பா. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் இறுதியாட்டம், சமநிலை. இன்னும் ஒரு கோல் அடித்தால் கோப்பை எங்களுக்கு. ஆனால் சங்கு நேரம் வந்துவிட்டது. சீமெந்துப் புழுதி மணக்கும் அறையில் அப்பா சங்கை ஊதவைக்கும் சங்கிலியைப் பிடித்தபடி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே சனம் கத்தியது. “அண்ணை, ஊதிப்போடாதேங்கோ!”

“என்ர வேலை போனா நீங்களோ சோறு போடுறது?”

“ஓம் அண்ணை, கோலும் போட்டுச் சோறும் போடுவம்!”

எங்கள் சனத்தின் வாய் அப்படி! அப்பா சங்கிலியை இழுக்கவில்லை. பந்து வலைக்குள் போன பிறகு ஊதினார் பாருங்கள், ஊரே அதிர்ந்தது!

“மனேஜர் ஏசேல்லையோ?” என்று மைக்கோலா கவலையோடு கேட்டான்.

“அவர்தான் முதல் ஆளாய் மைதானத்துக்குள்ள பாய்ஞ்சது!”

மைக்கோலா மாவுக் கையோடு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பாண் தட்டுகளுக்கு நடுவே ஓடத் தொடங்கினான்.