வெண்ணெயில் ஒரு வஞ்சிரம்

எங்கள் சாந்தோம் குப்பத்து ஜெசிந்தா அடையாற்றில் ஒரு துரை வீட்டுச் சமையலறையில் வேலை செய்தவள். வெண்ணெயும் சர்க்கரைப் பொடியும் குழைத்து, கேக்கின் மேல் துரைசாணி பூ பிழிவதைப் பார்த்துப் பார்த்தே கை பழகிக்கொண்டாள். காகிதத்தைக் கூம்பாய்ச் சுருட்டி நுனியை வெட்டிக் கொடுத்தால் போதும் அவளுக்கு.

முப்பத்து நாலாம் வருஷம் புனித இராயப்பர் திருநாளுக்குத் தானே கேக் செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சேசுநாதரின் சீடர் இராயப்பர் மீனுக்கு வலை வீசியவராயிற்றே, பூ எதற்கு, மீனே பிழியலாம் என்று அவள் எண்ணம். கோயில் காரியம் பார்த்த வேதநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை.

"கேக்குல மீனா? பங்கு சுவாமியாரு மூக்கப் பொத்திக்கப் போறாரு. அவரு மட்டும் மூஞ்ச சுளிக்கட்டும், அடுத்த வருசத்துலேர்ந்து மவுண்ட்ரோடு கடை கேக்குதான். சொல்ட்டேன்."

"மொதல்ல பாரு மாமா," என்றாள் ஜெசிந்தா.

ஆனி மாதத்தில் வெண்ணெய் நிற்குமா? பானையை ஈரமணலில் புதைத்து அதற்குள் வைத்தாள். வெயில் ஏறுமுன் பிழிந்து முடித்தாள். நடுவில் பெரிய வஞ்சிரம், சுற்றிலும் பீட்ரூட் சாறு கலந்த சிவப்புச் சங்கரா. கண்ணுக்குக் கடுகு.

கோயில் வாசலில் போட்ட கொட்டகை மேஜையில் கேக்கை வைத்தாயிற்று. பூசையும் முடிந்தது. அந்த நேரம் பார்த்துத் திருநாள் பார்க்க வந்தாள் கங்கம்மா. மீன் விற்கிறவள். மீனைக் கண்டால் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. வஞ்சிரத்தின் வயிற்றில் அழுத்தினாள். விரல் முழுசாய் உள்ளே போய்விட்டது.

"அய்ய! இன்னாடி இது, நேத்து செத்த மீனா? இப்டி கொளகொளன்னு கீது!"

"குடிகெட்டுது போ! சுவாமியாரு வந்துக்கினே கீறாரு!" என்று வேதநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா "மாதாவே" என்றாள், அவ்வளவுதான். மிச்சமிருந்த சிவப்புக் கூம்பை எடுத்துக் குழியில் ஒரு உருண்டை பிழிந்தாள். இரண்டு பக்கமும் காலை இழுத்தாள். கொடுக்கைத் தூக்கிவிட்டாள். நண்டொன்று வஞ்சிரத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சுவாமியார் வந்தார். குனிந்து பார்த்தார். எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது யார் வலையில் பட்ட மீன்?"

கொட்டகையே சிரித்தது. "நம்ம ஜெசிந்தா வலைல, சுவாமி!" என்று முந்திக்கொண்டு கத்தியவர் வேதநாயகம்தான்.

"வெட்ட மனசு வரவில்லை. ஆனால் அந்த நண்டு எனக்கு!" என்றார் சுவாமியார்.

நண்டைத் தட்டில் எடுத்து வைத்த ஜெசிந்தாவிடம் வேதநாயகம் மெதுவாய் வந்து, "வர்ற வருசம் எறாவும் போட்டுடும்மா," என்றார்.

"ஊர்ல இருக்கிற மீனெல்லாம் போடறேன் மாமா," என்றாள் அவள். "கங்கம்மா அக்கா கைய மட்டும் நீ புடிச்சிக்கோ."