மாடி போர்ஷனைப் பற்றிய இரண்டு பேய்க்கதைகள்

திருப்பதியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த மாடி போர்ஷனில் ஒரு பெண் செத்துப் பேயாக உலாவுகிறாள் என்று, பால் காய்ச்சிக் குடியேறிய பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். முன்பே சொல்லியிருந்தால் வேறு வீடு பார்த்திருப்போம். பார்த்திருந்தால் அந்தப் பெண்ணை நான் சந்தித்திருக்கவே மாட்டேன்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நாள் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் விடுப்பில் இருந்தேன். என் கணவருக்குச் சித்தூர் பக்கம் மாம்பழக் கூழ் எடுக்கும் கம்பெனியில் வேலை. மாம்பழ சீசன் என்பதால் விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுவார். திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். சட்டையைக் கழற்றினால் அறை முழுக்கப் பழ வாசனை அடிக்கும். இடைப்பட்ட பகல் முழுவதும் அந்த மாடியில் நான் தனியாகத்தான் இருந்தேன். வீட்டுக்காரர் பெங்களூரில் இருந்தார். எங்களோடு பேசியதெல்லாம் போனில்தான்.

முதல் கதையைச் சொன்னது கீழ் வீட்டு அக்கா. தெலுங்குக்காரர். அவர் பேச்சு தெலுங்கில் கிளம்பித் தமிழில் வந்து நிற்கும். ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது என்று அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலைச் சாத்தினார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பயப்படமாட்டேன்னு சொல்லு, அப்பதான் செப்புவேன்."

"சொல்லுங்கக்கா."

"உன் போர்ஷன்ல ஒரு டீச்சர் ஒண்டிகா இருந்தாங்க. ஒரு சுக்ரவாரம் காலையில தடால்னு விழுந்த சத்தம். நாங்க மேல போறதுக்குள்ள எல்லாம் ஆயிப்போச்சு. ஆம்புலன்ஸ் வந்துது. தலையில இருந்து கால் வரைக்கும் துப்பட்டி போத்தி இறக்கினாங்க. மொகம்கூட தெரியல. அப்புறம் ஓனருக்கு போன் பண்ணி டீச்சர் எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். 'ஆமெ போயிந்தி', போயிட்டாங்கன்னு செப்பினாரு."

அதன் பிறகுதான் கதை சூடு பிடித்தது. அமாவாசைக்கு அமாவாசை படியில் கொலுசுச் சத்தம் கேட்குமாம். மல்லிகைப்பூ வாசனை வருமாம். மொட்டை மாடி ஓரத்தில் வெள்ளைப் புடவையும் விரித்த தலையுமாக ஒரு உருவம் நிற்குமாம். தெரு நாய் மேலே பார்த்து ஊளையிடுமாம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அக்காவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், "கால் தரையில படாது" என்று அவர் கிசுகிசுத்தபோது நான் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து டிவி அலறியது. இரண்டு பேரும் கத்திவிட்டோம். பிறகு சிரித்தோம். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு மாங்காயைத் தின்றோம்.

மாடிப்படி ஏறும்போது முதுகு சில்லென்றது. உள்ளே போய் ஃபேனைப் போட்டதும் அதுவும் போய்விட்டது. வெள்ளைப் புடவை, கொலுசு, மல்லிகை எல்லாம் சின்ன வயதில் வாரப் பத்திரிகைகளில் நான் படித்துப் படித்துத் தேய்த்தவை. அந்தப் பேயை எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தவர்களிடம் எவ்வளவு நேரம்தான் பயப்பட முடியும்?

இரண்டாவது கதையைச் சொன்னவர் பக்கத்து வீட்டு மாமா. கோயில் கைங்கரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர் ஒன்றுதான். ஒருநாள் காலை அவர் வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மாமி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வடாம் பிழிந்துகொண்டிருந்தார். நல்ல வெயில். பேயைப் பற்றிப் பேச இதைவிடப் பத்திரமான நேரம் கிடைக்காது என்று நினைத்துக் கேட்டேன்.

"மாமா, இந்த வீட்ல இன்னாவோ இருக்குதுன்னு சொல்றாங்களே, நெஜமா?"

அவர் வேட்டியின் சுருக்கங்களை நிதானமாக நீவினார்.

"இருக்குன்னு நான் சொல்லமாட்டேன். இல்லேன்னும் சொல்லமாட்டேன். நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். அந்த டீச்சர் போனப்புறம் வீடு பூட்டிக் கெடந்தது. பூட்டு மேல தூசு படிஞ்சு கெடந்தது. ஒருத்தரும் வரலை. சித்திரை வெயில். இதோ உன் காலண்டை இருக்கே கறிவேப்பிலைத் தொட்டி, அது மட்டும் வாடலை. என்னடான்னு ஒருநாள் விரலை வெச்சுப் பார்த்தேன். மண் ஈரமா இருந்தது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. தினமும் ஈரமா இருந்தது. அவ்வளவுதான்."

காலி வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், திரும்பி, "நல்ல ஆத்மா. நீ ஒண்ணும் பயப்படாதேம்மா" என்றார். மாமி தலை நிமிரவே இல்லை. வடாத்திலேயே கண்ணாக இருந்தார்.

அக்காவின் கதை முடிந்ததும் பயமும் முடிந்துவிட்டது. மாமாவின் கதை முடிந்த பிறகுதான் எனக்குப் பயம் தொடங்கியது. அக்காவின் பேய் என்னைப் பயமுறுத்துவதற்கென்றே புறப்பட்டு வருவது. இன்ன தேதி, இன்ன சத்தம், இன்ன வாசனை என்று அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அமாவாசைக்குக் காதைப் பொத்திக்கொண்டால் தப்பித்துவிடலாம். மாமாவின் பேய்க்கு நான் ஒரு பொருட்டே இல்லை. அது பாட்டுக்கு வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறது. கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லாததால் எதைப் பார்த்தாலும் அதுவாக இருக்கலாம் என்று தோன்றியது. குழாய் சொட்டினால் எழுந்து உட்கார்ந்தேன். அக்கா எவ்வளவோ சேர்த்துச் சேர்த்துக் கட்டியதை, மாமா ஒரு சிட்டிகை ஈர மண்ணில் செய்துவிட்டார்.

பொறுக்க முடியாமல் ஒரு காலை போய் நானும் தொட்டிக்குள் விரலை வைத்துப் பார்த்தேன். ஈரம். நான் ஒருநாளும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை.

அன்று சாயந்திரம் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"அந்தக் கறிவேப்பிலைச் செடிக்கு நீங்க தண்ணி ஊத்தினீங்களா?"

"எனக்குப் பல்லு வெளக்கவே நேரம் இல்ல. செடிக்கு எங்க ஊத்தறது? ஏன்?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி இப்படிப் பகலெல்லாம் பயந்துகொண்டு கிடந்தால் என்ன ஆவது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. நகரியில் இருக்கும் என் அப்பா வீட்டுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை என் நைனா வந்து என்னைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு ஆனது. பிரசவம் வரை அம்மா வீடு, அதற்குள் வேறு போர்ஷன் பார்ப்பது. பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு நாட்களை எண்ணத் தொடங்கினேன்.

வியாழக்கிழமை காலை, சமையல் முடித்து உட்கார்ந்த நேரம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் நின்றிருந்தார். மாம்பழ மஞ்சளில் நூல் புடவை. படியேறிய களைப்பில் மூச்சு வாங்கியது. வலது கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா. நான் முன்னாடி இந்த வீட்லதான் குடியிருந்தேன்."

"டீச்சரா?" என்று கேட்டேன்.

"ஆமா. யாரு சொன்னாங்க?"

என் கண் தானாகக் கீழே போனது. கால் தரையில்தான் இருந்தது. இரண்டு காலும். இடது செருப்பின் முனை மட்டும் இழுத்து இழுத்து நடந்ததில் தேய்ந்து போயிருந்தது. ஒரு பேயின் செருப்பு எப்படித் தேயும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போனார்.

"ஐயோ, இன்னாம்மா ஆச்சு? வயித்துல புள்ளையை வெச்சிக்கினு ஏன் அழுவுற? உக்காரு மொதல்ல."

தண்ணீர் கேட்டு வந்தவர்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். செம்பு எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. சமையல் மேடையில் அதே இடத்தில்தான் அவரும் வைத்திருப்பார் போலிருக்கிறது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கண்கள் அகன்றுகொண்டே போயின. அந்த வெள்ளிக்கிழமை அவர் குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறார். பக்கவாதம். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து சித்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு. கையும் காலும் மறுபடி சொன்ன பேச்சைக் கேட்க ரொம்ப நாள் ஆயிற்று. சாமான்களை அந்த வாரமே அண்ணன் வந்து, யாரிடமும் பேசாமல், ஒரே நாளில் வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார். வீட்டுக்காரர் 'போயிந்தி' என்று சொன்னது வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார் என்பதைத்தான். தெலுங்கிலும் தமிழிலும் போவதென்றால் இரண்டு அர்த்தம். அக்கா இரண்டாவதை எடுத்துக்கொண்டுவிட்டார்.

"துப்பட்டியால மூஞ்சை மூடியிருந்ததா சொன்னாங்களே?"

"நான்தாம்மா இழுத்து மூடிக்கினேன். வாய் ஒரு பக்கமா கோணிப்போச்சு. தெருவே நின்னு பாத்துக்கினு இருந்தது. வெக்கமா இருந்துச்சு."

அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக யார் துணையும் இல்லாமல் பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்திருந்தார். முடிகிறதா என்று பார்த்துவிடுவது என்று கிளம்பினாராம்.

பேச்சுச் சத்தம் கேட்டுக் கீழ் வீட்டு அக்கா மேலே வந்தார். கடைசிப் படியில் கால் வைத்தவர் எங்களைப் பார்த்ததும், "அம்மோ!" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் மெல்ல எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். அக்கா அந்தக் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"அழுதது போதும். எந்தப் புடவையில வந்தேன் நான்?"

"வெள்ளை" என்றார் அக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"எங்கிட்ட வெள்ளைப் புடவை ஒண்ணுகூட கெடையாதே. கொலுசு வேறயா? இந்தக் காலை வெச்சிக்கினு?"

அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது.

மாமாவின் கதையை நான் சொன்னபோது மட்டும் டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து மொட்டை மாடிக்கு வந்து தொட்டியைப் பார்த்தபடி நின்றார். "இந்தக் கதை நல்லா இருக்குது. இதுல நான் யாருக்கும் கெடுதல் பண்ணல. செத்திருந்தா இப்படித்தான் வந்திருப்பேன்" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமியும் மாமாவும் வந்து நின்றார்கள். மாமா கைகூப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "சௌக்கியமா இருக்கேளா?" என்று கேட்டார். அடுத்ததாக அவருக்கு வந்தது எனக்கும் வந்த சந்தேகம்தான். "அப்போ தண்ணி ஊத்தினது யாரு?"

"நான்தான்" என்றார் மாமி.

மாமா திரும்பிப் பார்த்தார். மாமி எங்களிடம்தான் சொன்னார். "ஸ்ட்ரெச்சர்ல எறக்கறச்சே என் கையைப் பிடிச்சுண்டு, 'மாமி, செடி'ன்னு கொழறிண்டே சொன்னா. வேற ஒண்ணும் சொல்லலை. போயிட்டான்னு எல்லாரும் சொன்னதும், அதுதான் அவளோட கடைசி வார்த்தைன்னு நெனைச்சேன். விடியறதுக்கு முன்னாடி சுவர் மேலேர்ந்து ஒரு சொம்பு ஊத்திடுவேன். ஒருநாள் இவர் வந்து, செடி வாடலை பாருன்னு அவ்வளவு பரவசமா சொன்னார். அதுக்கப்புறம் நான்தான்னு எப்படிச் சொல்றது?"

"நான் குடிவந்த அப்புறமும் ஊத்தினீங்களா மாமி?"

"புள்ளத்தாச்சி குனிஞ்சு ஊத்துவானேன்னு ஊத்தினேன். நீ பயந்துண்டிருக்கேன்னு எனக்குத் தெரியாதேம்மா."

மாமா மாமியையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். "ஏகாதசிக்கு ஏகாதசி அந்த ஆத்மாவுக்காகச் சேவிச்சுண்டிருந்தேன். எல்லாம் உனக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மாமியின் முகம் சிவந்துபோனது.

டீச்சர் என் வீட்டில் சாப்பிட்டார். ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். வெயில் தாழ்ந்ததும் அக்கா ஆட்டோ பிடித்து, பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சித்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். நான் நைனாவுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்றேன். "ஏம்மா, இன்னா ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகலை நைனா. ஒண்ணுமே ஆகலை" என்றேன். அதைச் சொல்லும்போது உடம்பெல்லாம் லேசானது.

பிறகு சும்மா கொஞ்சம் சாயலாம் என்று படுத்தேன். இரண்டு வாரத்துத் தூக்கமும் சேர்ந்து வந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கணவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. போன் போட்டிருக்கிறார். எடுக்கவில்லை. பயந்துபோய்க் கதவை இடிக்கிற இடியில் கீழேயிருந்து அக்காவும் சுவர் பக்கம் மாமா மாமியும் வந்துவிட்டார்கள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தபோது அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இன்னா ஆச்சு உனக்கு?"

"தூங்கிட்டேன்" என்றேன். "ரொம்பப் பசிக்குது. துன்றதுக்கு எதனா வாங்கினு வந்தீங்களா?"